விசில் என்னும் கால அளவை: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் எல்லைப்பகுதியில் குக்கர் புலாவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு உணவு வரலாற்றெழுத்தில் சங்ககால ஊன்சோறும் நவாபுகள் வழிவந்த பிரியாணியும் பெற்ற கவனத்தை, அன்றாடம் வீடுகளில் ஆக்கப்படும் மசாலாச் சோறு பெற்றதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி ஆகிய எல்லையோரத் தொழிற்பகுதிகளில் பிரஷர் குக்கரில் ஆக்கப்படும் புலாவ் எவ்வாறு நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கலன், எரிபொருள், வேலைமுறை நேரம், தானியம் ஆகிய நான்கையும் இணைத்தே அவ்வரலாற்றை எழுத இயலும் என்பதும், குக்கர் சமையல் நேரத்தைக் குறைத்ததைக் காட்டிலும் அந்நேரத்தை நாளின் வேறொரு பகுதிக்கு நகர்த்தியது என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: ஓசூர், சிப்காட், பிரஷர் குக்கர், புலாவ், குஸ்கா, கேழ்வரகு, வேலைமுறை, பெண் உழைப்பு.

முன்னுரை

ஓசூர் சிப்காட் வளாகத்தில் அதிகாலை ஐந்து மணியளவில் நிறுவனப் பேருந்துகள் வந்து நிற்கும் இடங்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பேருந்துக்குக் காத்திருப்போர் பலரின் பையில் இருப்பது ஒரே ஓர் உணவுப் பெட்டி. அடுக்கடுக்கான தூக்குப் போசி அன்று. சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்னும் தமிழ்ச் சாப்பாட்டு அமைப்பு அப்பெட்டிக்குள் அடங்காது. அடங்குவது தக்காளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, புலாவ் ஆகியவற்றில் ஒன்று. இவற்றுள் முதன்மூன்றும் வடித்த சோற்றில் பிறகு கலக்கப்படலாம். புலாவ் மட்டுமே அரிசி நிலையிலிருந்தே ஒரே கலனில், ஒரே அடுப்பில், இடையில் கைபடாமல் வெந்து முடிவது. இந்தச் சிறிய தொழில்நுட்ப வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்டமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்தியாவின் பெரும் குக்கர் உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்றான டிடிகே பிரஸ்டீஜின் பதிவு அலுவலகம் இதே ஓசூர் சிப்காட் வளாகத்தில்தான் உள்ளது. கலன் உருவாகும் ஊரும், அக்கலனால் உணவுமுறை மாறிய ஊரும் ஒன்றாக அமைவது அரிது.

பெயர்களும் அவற்றின் வழித்தடமும்

புலாவ் என்னும் சொல்லைச் சங்க இலக்கியத்துப் 'புலவு' என்னும் சொல்லோடு இணைத்துக் காட்டும் போக்கு அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. புலவு என்பது இறைச்சியையும் அதன் நாற்றத்தையும் குறித்தது. ஊன்சோறு பற்றிய குறிப்புகளும் சங்க நூல்களில் உள்ளன. எனினும் ஒலி ஒப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. பாரசீகப் பொலாவ், துருக்கியப் பிலாவ் என மேற்காசியாவிலும் நடு ஆசியாவிலும் பரந்து கிடக்கும் ஒரு சொற்குடும்பத்தைத் தமிழிலிருந்து வருவிக்க வேண்டுமாயின், இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்கான எழுத்துச்சான்று வேண்டும். அது காட்டப்படாத வரை இக்கருத்தை ஏற்பதற்கில்லை. அரிசியையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது என்பது வேறு. இச்சொல் இங்கிருந்து சென்றது என்பது வேறு.

எழுத்துச்சான்று தெளிவாகக் கிடைப்பது முகலாயர் காலத்தில்தான். அபுல் பசலின் 'அயினி அக்பரி' அரண்மனை உணவுகளை மூவகையாகப் பிரிக்கிறது: இறைச்சியில்லாதவை, இறைச்சியும் அரிசியும் சேர்ந்தவை, இறைச்சியும் மசாலாவும் சேர்ந்தவை. இரண்டாம் வகையில் கீமா புலாவ் இடம்பெறுகிறது. நமக்கு அதைவிடப் பயனுடையவை முதல் வகையில் வரும் இரு பெயர்கள். ஒன்று சர்த் பிரிஞ்ச், மற்றொன்று குஷ்கா. பிரிஞ்ச் என்பது பாரசீகத்தில் அரிசியைக் குறிக்கும். சென்னை உணவகங்களின் 'பிரிஞ்சி'யில் அச்சொல்லின் சாயலைக் காணலாம். குஷ்கா அந்நூலில் உப்பிட்ட வெறுஞ்சோறு. தமிழ்நாட்டிலோ குஸ்கா என்றால் இறைச்சித் துண்டு இல்லாத பிரியாணிச் சோறு; மசாலாவும் நெய்யும் இறைச்சிச் சாறும் ஏறியது. வெறுஞ்சோற்றின் பெயர் மசாலாச் சோற்றுக்கு வந்து சேர்ந்த இப்பொருள்மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

இவ்வட்டாரத்தின் அரசியல் வரலாறு இப்பெயர்களின் வருகைக்குப் பின்னணியாகிறது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் வந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னரே கும்பினியின் கைக்கு வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்னி உருது ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் நிலை இன்றும் தொடர்கிறது. ஆகவே ஒரே பண்டத்திற்கு இங்கே நான்கு பெயர்கள். பிரியாணிக் கடையில் குஸ்கா. கன்னட வழக்கில் பலாவ் அல்லது ரைஸ் பாத். தமிழ் வீட்டில் வெஜிடபிள் பிரியாணி அல்லது புலாவ். பெயருக்கேற்பச் சேர்மானம் சற்றே மாறும், செய்முறை மாறாது. பெங்களூரின் மிலிட்டரி ஹோட்டல்களில் வழங்கும் 'தொன்னெ பிரியாணி'யில் உள்ள தொன்னெ நம் தொன்னையே. அதற்குரிய அரிசியும் சீரகச் சம்பாவே. எல்லைக்கோடு சமையலறைக்குள் நுழைவதில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் வழக்கில் காலை உணவு இட்லி, தோசை, பொங்கல், கஞ்சி ஆகியவற்றைச் சார்ந்தது. மசாலாச் சோறு நண்பகலுக்குரியது. கர்நாடகத்தின் தென்பகுதியில் பலாவும் சித்ரான்னமும் வாங்கிபாத்தும் காலைச் சிற்றுண்டி. ஓசூர் இவ்வகையில் கன்னட வழக்கைச் சார்ந்த ஊர். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலைமுறைக்குச் செல்வோர் ஒரே சமையலைக் காலைக்கும் இடைவேளைக்கும் பயன்படுத்திக்கொள்ள இவ்வழக்கம் வாய்ப்பாக அமைந்தது.

கலனின் வரலாறு

மூடிய கலனில் நீராவியை அடக்கிச் சமைக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டவரான டெனி பாப்பன் 1679இல் உருவாக்கினார். எலும்பை மெலிதாக்கும் கருவி என்றே அது அறிமுகமானது. 1682 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்த விருந்து படைக்கப்பட்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். வெடிப்பைத் தடுக்க அவர் பொருத்திய எடையிட்ட பாதுகாப்பு வால்வே இன்று நம் குக்கரின் மேல் ஆடும் 'வெயிட்'டின் மூதாதை. வீட்டுப் பயன்பாட்டுக்குரிய வடிவம் பரவலாவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இதற்கு முன்பே நீராவிச் சமையற்கலன்கள் இருந்தன. வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதப் மல்லிக் 1910இல் உருவாக்கிய இக்மிக் குக்கர் கரியடுப்பின்மேல் அடுக்குப் பாத்திரங்களை வைத்துச் சமைப்பது. தமிழ்நாட்டில் பழைய தலைமுறையினர் நினைவுகூரும் ருக்மணி குக்கரும் இத்தகையதே. இவை அழுத்தக் கலன்கள் அல்ல, மெல்ல வேகவைப்பவை. வீட்டைவிட்டு வெளியூரில் தனியே தங்கிப் பணியாற்றும் ஆடவர்க்குப் பெரிதும் உதவியவை. தனித்து வாழும் உழைப்பாளியும் ஒற்றைக் கலன் சமையலும் இணைந்தே வருவதை இங்கேயே காணலாம்.

அழுத்தக் கலனின் இந்திய உற்பத்தி 1959ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குகிறது. எச். டி. வாசுதேவா இங்கிலாந்தின் எல். ஜி. ஹாக்கின்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் ஹாக்கின்ஸ் குக்கர்ஸைத் தொடங்கியது அவ்வாண்டில்தான். டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1928இல் நிறுவிய வணிகக் குழுமத்தின் கிளையான பிரஸ்டீஜ், இங்கிலாந்தின் பிரஸ்டீஜ் குழுமத்துடன் இணைந்து பெங்களூர் தூரவாணி நகரில் குக்கர் செய்யத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. 1980களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி ஓசூருக்கும் விரிந்தது.

இவ்விரிவு தனித்த நிகழ்வன்று. 1971இல் சிப்காட் நிறுவப்பட்டது. அன்றைய தருமபுரி மாவட்டம் தொழில்வளத்தில் பின்தங்கியதாகக் கருதப்பட்டமையால் சலுகைகள் கிட்டின. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும், அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. 1984இல் டாடா குழுமமும் டிட்கோவும் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனம் கைக்கடிகார ஆலையை இங்கேயே அமைத்தது. பத்தாண்டுகளுக்குள் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மானாவாரி நிலத்தின் நடுவே மூன்று வேலைமுறைகளில் இயங்கும் ஒரு நகரம் உருவாயிற்று. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஓசூர் மாநகராட்சியானது 2019இல்.

குக்கரின் மீதான அச்சத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். குக்கர் வெடித்தது என்னும் செய்தி ஒரு தலைமுறையையே அடுப்படியில் அஞ்சி நிற்கச் செய்தது. போலி உதிரிப் பாகங்களே வெடிப்புக்குப் பெருங்காரணம் என்று கண்ட பிரஸ்டீஜின் டி. டி. ஜகந்நாதன், அழுத்தம் மிகும்போது மூடியின் விளிம்பிலுள்ள இடைவெளி வழியே ரப்பர் வளையம் பிதுங்கி நீராவியை வெளியேற்றும் அமைப்பை உருவாக்கினார். வால்வு போலியாயிருந்தாலும் வளையம் காக்கும். சென்னை ஐஐடியிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ஒருவரின் பொறியியல் அறிவு, விளிம்பில் வெட்டிய ஒரு சிறு துளையாக அடுப்படிக்கு வந்தது. வளையத்தை 'கேஸ்கட்' என்று எழுத்தறியாத மூதாட்டியரும் சொல்லும் நிலை இவ்வாறு உருவானதே.

புலாவ் குக்கரில் வேகும் விதம்

செய்முறையை உணவு வரலாற்றாசிரியர் பெரும்பாலும் சமையற்குறிப்பு நூல்களுக்கு விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடுவது பிழை.

அரிசியைச் சமைக்கத் தமிழகத்தில் இரு முறைகள் உண்டு. மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிப்பது ஒன்று. அளந்த நீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சும்படி வேகவைப்பது மற்றொன்று. பாதி வெந்த அரிசியை வடித்து, இறைச்சியோடு அடுக்கித் தம் போடுவது பிரியாணியின் ஒரு மரபு. புலாவ் தொடக்கத்திலிருந்தே உறிஞ்சும் முறையைச் சேர்ந்தது. அளவில் பிழைத்தால் திருத்த வழியில்லை. திறந்த பானையில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்பது விறகின் தன்மையையும் பானையின் வாயையும் பொறுத்தது. அதைக் கணிக்கப் பழகிய கை வேண்டும். குக்கரிலோ ஆவி வெளியேறுவது மிகக் குறைவு. ஊறவைத்த பாசுமதிக்கு ஒன்றுக்கு ஒன்றரை, பொன்னிப் பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு என்னும் வாய்பாடு யாருக்கும் எல்லா நாளும் ஏறத்தாழப் பலிக்கும். கைப்பக்குவம் எண்ணாக மாறியது.

பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை, கல்பாசி ஆகியவற்றை எண்ணெயும் நெய்யும் கலந்ததில் பொரித்து, வெங்காயம் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லித்தழை, பச்சை மிளகாய், காய்கறி சேர்த்து, ஊறிய அரிசியைச் சற்றே புரட்டி, நீர் ஊற்றி மூடுவது வரை பழைய முறையில் மாற்றமில்லை. வெங்காயத்தின் நிறமும் மசாலாவின் மணமும் மூடுவதற்கு முன்பே வந்தாக வேண்டும். ஈரம் நிறைந்த ஆவியில் எதுவும் சிவக்காது. மூடிய பிறகே புதுமை. வெயிட்டின் எடை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் வரை ஆவியைத் தடுத்து வைக்கிறது. உள்ளே வெப்பநிலை 120 பாகை செல்சியஸை நெருங்குகிறது. இரண்டு விசிலுக்குப் பின் அடுப்பை அணைத்துவிட்டு, அழுத்தம் தானே இறங்கும் வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பொறுமையின்றி வெயிட்டைத் தூக்கினால் உள்ளழுத்தம் சட்டென்று குறைந்து, அரிசிக்குள்ளிருக்கும் நீர் கொதித்து, பருக்கை உடைந்து குழையும். மாவினால் வாய்ப்பூச்சிட்டு மூடிமேல் தணல் பரப்பிய பழைய தம்மின் பணியை இந்தப் பத்து நிமிடம் செய்கிறது. தம்மிலிருந்து எடுக்கும்போது எழும் மணம் குக்கரில் ஓரளவு குறைவே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது விசிலோடு வெளியேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஓசூரின் உயரத்தால்தான் இங்கே குக்கர் இன்றியமையாததாயிற்று என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. திறந்த பாத்திரத்தில் நீர் 97 பாகையில் கொதிக்கும். மூன்று பாகை வேறுபாடு பருப்பைச் சற்றுத் தாமதப்படுத்துமேயன்றி, ஒரு சமையல் முறையை மாற்றும் ஆற்றல் உடையதன்று. இமயமலையூர்களுக்குப் பொருந்தும் விளக்கத்தை இங்கே பொருத்துதல் மிகை. காரணம் உயரத்தில் இல்லை. நேரத்திலும் எரிபொருளிலும் உள்ளது.

விசிலும் மணியும்

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951இல் வெளிவந்தது; இந்தியாவில் குக்கர் உற்பத்திக்கு முந்தைய நூல் அது. அதன் பின்வந்த சமையற்குறிப்புகளில் ஒரு புதிய அலகு இடம்பிடித்தது. 'மூன்று விசில்' என்பது நிமிடக் கணக்கன்று. அடுப்பின் சுடர், கலனின் கொள்ளளவு, நிரப்பிய அளவு, வெயிட்டின் வகை ஆகியவற்றைப் பொறுத்து ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் இடைவெளி மாறும். இயற்பியல் நோக்கில் அது ஓர் ஒழுங்கற்ற அலகு. சமூக நோக்கில் மிகத் துல்லியமானது. ஏனெனில் அதை எண்ணுவதற்குக் கண் தேவையில்லை. குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டும், தண்ணீர் பிடித்துக்கொண்டும், சீருடையை மடித்துக்கொண்டும் விசிலை எண்ண முடியும். ஆலையில் சங்கும் மணியும் எவ்வாறு உடலைப் பழக்குகின்றனவோ அவ்வாறே விசில் வீட்டைப் பழக்கியது. ஒலியால் ஆளப்படும் வேலை ஆலைக்கு முன்பே, அடுப்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

நேரம் மிச்சமாயிற்றா என்னும் வினாவை இங்கே எழுப்ப வேண்டும். அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டுச் சாதனங்கள் பெண்களின் வேலையைக் குறைக்கவில்லை என்றும், ஆடவரும் பிள்ளைகளும் செய்துவந்த பகுதியைக் குறைத்துத் தாயின் பங்கை அப்படியே வைத்தன என்றும் வாதிட்டார். ஓசூருக்கு அது பெரிதும் பொருந்துகிறது, முழுமையாக அன்று. பிரஸ்டீஜின் புகழ்பெற்ற இந்தி விளம்பரம், மனைவியை நேசிக்கும் கணவன் இக்குக்கரை மறுக்கமாட்டான் என்னும் பொருளில் அமைந்தது. வாங்குபவன் கணவன், சமைப்பவள் மனைவி என்னும் பிரிவினை அதில் ஐயத்திற்கிடமின்றி உள்ளது. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஒற்றை அறை வீடுகளில் இப்பிரிவினை இருவகையில் கலைந்தது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து நால்வர் ஐவராய்த் தங்கும் இளைஞர்கள் சிறிய ஐந்து கிலோ எரிவாயு உருளையும் ஒரு குக்கரும் கொண்டு தாமே சமைக்கின்றனர். மறுபுறம், பெண்களே ஆலைக்குச் செல்லத் தொடங்கியபோது வாங்குபவளும் சமைப்பவளும் சம்பாதிப்பவளும் ஒருத்தியே ஆயினாள். சமைக்கும் பொறுப்பு மட்டும் கைமாறவில்லை.

என் குடும்பத்தையே இதற்குச் சான்றாகக் கொள்கிறேன். ஒரு குடும்பம் ஒரு வட்டாரமாகாது என்னும் எச்சரிக்கையோடு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டி மாலையில் களி கிண்டினார். பெரிய பானையில் கொதிக்கும் உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறுவது வலிமை வேண்டும் வேலை. பல நாள்களில் தாத்தாவே கிளறினார். சூடாகவே உண்ண வேண்டும், ஆறினால் இறுகும், பெட்டியில் அடைத்து எடுத்துச் செல்ல இயலாது. எல்லோரும் ஒருங்கே அமர்ந்தே உண்டனர். என் அம்மா சிப்காட்டில் ஓர் ஆலையில் பணியாற்றினார். முதல் வேலைமுறை நாள்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து குக்கர் வைத்தார். சமையலுக்கு ஆன நேரம் முக்கால் மணிக்கும் குறைவு; பாட்டி செலவிட்டதில் பாதிகூட இராது. ஆனால் அது தனியாளின் நேரம். வீடு உறங்கும் நேரம். களி கிளறத் தாத்தாவின் கை தேவைப்பட்டது. குக்கருக்கு வேறு எவர் கையும் தேவைப்படவில்லை. இதைக் குக்கரின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அது இல்லாவிடில் அம்மா அவ்வேலைக்கே சென்றிருக்க இயலாது என்பதும் உண்மை.

தானியமும் காய்கறியும்

இம்மாற்றத்தில் இழந்தது கேழ்வரகு. நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் கிடைத்தது அரிசியின் பரவலுக்கு முதன்மைக் காரணம். குக்கர் அதற்குத் துணை நின்றது. ஆயினும் எங்கள் வட்டார வீடுகளில் கடையில் கிடைக்கும் பச்சரிசி புலாவுக்கு ஏற்றதாகக் கருதப்படுவதில்லை. இரண்டு விசிலிலேயே குழைகிறது. அது மாவரைக்கப் போகும். புலாவுக்குப் பொன்னியோ உடைந்த பாசுமதியோ காசு கொடுத்து வாங்கப்படும். ஆகவே சம்பளம் வந்த வாரத்தின் உணவு எது, மாதக்கடைசியின் உணவு எது என்பதைக் குக்கரைத் திறந்தே சொல்லிவிடலாம்.

காய்கறியைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளின் மிதமான தட்பவெப்பத்தில் கேரட், பீன்ஸ், கோசு, குடைமிளகாய், புதினா, மல்லி ஆகியன செழித்து விளைகின்றன. இராயக்கோட்டை தக்காளிச் சந்தை பெயர்பெற்றது. சென்னையும் பெங்களூரும் விலைகொடுத்து வரவழைக்கும் புலாவுக் காய்கள் இங்கே வயலோரப் பண்டங்கள். தக்காளி விலை வீழ்ந்த வாரங்களில் புலாவ் சிவந்துவிடும். விலை ஏறினால் புதினா கூடிப் பச்சையாகும்.

சான்றுகள் பற்றி ஒரு குறிப்பு

2017ஆம் ஆண்டு இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலில் டி. டி. வி. தினகரன் குக்கர் சின்னத்தில் வென்றபோது, அக்கலன் ஒரு வாக்காளருக்கும் விளக்கம் தேவைப்படாத பொருளாகிவிட்டிருந்தது. அத்துணைப் பரவலான ஒரு கலனின் வீட்டு வரலாற்றுக்குரிய ஆவணங்கள் எவ்வாவணக்காப்பகத்திலும் தேடத்தக்கவை அல்ல. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் விற்பனையைச் சொல்லும், வேகவைத்ததைச் சொல்லா. குக்கரோடு தரப்படும் சிறு கையேடுகளும், அவற்றின் ஓரங்களில் எழுதப்பட்டவையுமே நேர்ச்சான்றுகள். அவை கேஸ்கட் மாற்றும்போது தூக்கி எறியப்படுகின்றன.

என் வீட்டில் எஞ்சிய ஒன்று மஞ்சள் கறையோடு உள்ளது. அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றுக்கு நேரே அச்சில் நிமிடங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றை அம்மா பென்சிலால் அடித்துவிட்டு, விசில் எண்ணிக்கையை எழுதியிருக்கிறார். புலாவ் என்பது அப்பட்டியலில் அச்சிடப்படவில்லை. அடியில் இருந்த வெற்றிடத்தில் தமிழில் அவர் சேர்த்தது: பலாவ், இரண்டு. அருகே அடைப்புக்குறிக்குள், 'ஏ ஷிப்ட் – நாலரை'.